ஒலிச்சுற்றுகளைப் பாட்டாக அடுக்குதல்

ஒரு தாளக் கோவையையோ சிறு இசைத் துணுக்கையோ முடிந்த இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தால் அதற்கு ஒலிச்சுற்று என்று பெயர். லூப் என்றும் வழங்குவர். பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேபர் 1948ஆம் ஆண்டில் இசைத்தட்டின் வரையை வட்டமாக மூடி, ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரச் செய்தார். பின்னர் இரு முனைகளும் ஒட்டப்பட்ட காந்த நாடா அவ்வேலையைச் செய்தது. இன்று கணிப்பொறியே இதனைச் செய்கிறது. எல்.எம்.எம்.எஸ். போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

சுகாதாரப் பிரசாரத்திற்கோ வகுப்பறைக்கோ பாட்டு அமைக்க முற்படுவோர், இனிய ஒலிச்சுற்று ஒன்றை எளிதில் உருவாக்கிவிடுகின்றனர். அதையே மூன்று நிமிடம் ஓடவிட்டு, அதன்மேல் பாடலைப் பாடிவிடுவதும் உண்டு. மாறாத ஒலியைச் செவி விரைவில் புறக்கணித்துவிடும். அதனோடு பாட்டின் சொற்களும் புறக்கணிக்கப்படும். குடிநீரைக் காய்ச்சிப் பருகுமாறு கூறும் பாட்டைச் சந்தைக்கு வந்தவர் ஒருமுறைதான் கேட்பார். அந்த ஒருமுறையில் சொல் விளங்கவில்லையெனில் உழைப்பு வீணாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நிமிடத்திற்கு 96 தட்டுகள் என வேகத்தை வைத்துக்கொண்டால், நான்கு தட்டுகள் கொண்ட ஒரு கட்டம் 2½ விநாடி நீளும். எட்டுக் கட்டங்கள் 20 விநாடி. 72 கட்டங்கள் சரியாக மூன்று நிமிடம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனமும் கெஹர்வாவின் எட்டு மாத்திரைகளும், ஒரு தட்டுக்கு ஓர் எண்ணிக்கையாக, இரண்டு கட்டங்களில் அடங்கும். தாத்ரா ஆறு மாத்திரை உடையதாகையால், அதற்குக் கட்டத்தை மூன்று தட்டாக முன்னரே மாற்றி வைத்தல் வேண்டும். பிறர் தயாரித்த ஒலிச்சுற்று 100 தட்டு வேகத்தில் பதிவானதாயின், அதன் எட்டுக் கட்டங்கள் 19.2 விநாடியில் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 0.8 விநாடி இடைவெளி விழும். வேகத்தை மட்டும் குறைத்துச் சுருதியை மாற்றாதிருக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. நாடாக் காலத்தில் வேகம் குறைந்தால் சுருதியும் கூடவே இறங்கிவிடும்.

இனி அடுக்கும் முறை. டோலக், தம்பூரா, தாழ்ஸ்தாயி ஒலி, ஆர்மோனியம், சலங்கை, கைத்தட்டு என ஆறு ஒலிச்சுற்றுகள் கைவசம் இருப்பதாகக் கொள்வோம். ஆறையும் 72 கட்டங்களுக்கும் திரையில் பரப்பிவிட்டு, பிறகு வேண்டாதவற்றை அழித்துக்கொண்டே வருவதுதான் நல்ல வழி. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறவர், நடுப்பகுதிக்குள் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, இறுதிப் பல்லவிக்கு ஒன்றுமின்றி நிற்பார். முதல் நான்கு கட்டங்களில் தம்பூராவும் டோலக்கும் போதும். அடுத்த எட்டில் பல்லவி. இங்கே ஆர்மோனியமும் தாழ்ஸ்தாயியும் சேரலாம். பதினாறு கட்டச் சரணத்தில் ஆர்மோனியத்தை நீக்கிவிட வேண்டும். சரணத்தில்தான் செய்தி இருக்கிறது. மெய்யெழுத்துகளைத் தெளிவாக்கும் அதிர்வெண்கள் பெரும்பாலும் விநாடிக்கு 2000 முதல் 4000 வரையுள்ள பகுதியில் அமைவதால், சலங்கையும் கைத்தட்டும் அங்கே இடையூறாகும். மீண்டும் எட்டுக் கட்டப் பல்லவி வருகையில் கைத்தட்டைச் சேர்க்கலாம். இரண்டாம் சரணம் பதினாறு கட்டம். அதன் கடைசி நான்கில் மட்டும் சலங்கையை மெல்லக் கொணரலாம். பின் நான்கு கட்டங்களுக்கு எல்லாத் தாளமும் நின்று, தம்பூராவின்மேல் செய்தியின் மையச் சொற்றொடர் மட்டும் ஒலிக்கட்டும். ஓசை குறைந்ததும் பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பது மக்கள் இயல்பு. எஞ்சிய பதினாறு கட்டங்களில் பல்லவி இருமுறை, ஆறு ஒலிச்சுற்றுகளோடும் வரலாம்.

ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குச் செல்லுமிடத்தில் டோலக்கின் கடைசி இரண்டு தட்டுகளை வெட்டிவிட்டாலே போதும், மாற்றம் வருவதைச் செவி உணர்ந்துகொள்ளும். மிருதங்கக்காரர் தீர்மானம் வைப்பதும், தபலாக்காரர் திஹாய் வாசிப்பதும் இப்பயன் கருதியே. வெட்டும்போது ஒலியலை சுழியைக் கடக்குமிடத்தில் வெட்ட வேண்டும். வேறிடத்தில் வெட்டினால் 'டிக்' என்ற ஒலி ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும்.

திரைப்படப் பாடலிலிருந்து துணுக்கை வெட்டி எடுப்பதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளரின் இசைவு தேவை. உள்ளூர்க் கலைஞரை அவரது சம்மதத்துடன் எட்டுக் கட்டம் வாசிக்கச் செய்து, கைப்பேசியில் பதிவுசெய்துகொள்வது இதைவிட எளிது. ஊராருக்குப் பழகிய ஒலியும் கிடைக்கும்.

பாட்டு முடிந்தபின் இரண்டு கட்டங்களை வெறுமையாக விட்டே கோப்பைச் சேமிக்க வேண்டும். இல்லையேல் தம்பூராவின் கடைசி அதிர்வு பாதியில் அறுபடும். பிறகு தலையணி ஒலிபெருக்கியில் மட்டுமன்றி, பிரசார வண்டியின் கூம்பு ஒலிபெருக்கியிலும் கேட்டுப் பார்த்தல் அவசியம். அதில் தாழ்ஸ்தாயி ஏறக்குறைய மறைந்துவிடும். ஆகவே தாளத்தைத் தாங்கும் பொறுப்பை டோலக்கின் வலப்புற ஒலிக்கே அளிக்க வேண்டியிருக்கும்.