அம்மா படிக்க, மகள் எழுத...

மாலை ஆறு மணி. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் அம்மா ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தை உரக்கப் படிக்கிறாள். ஒரு கண் கைக்கடிகாரத்தின் மேல். மகள் குனிந்தபடி கோடு கோடாக இழுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு மாதமாக இதை வேடிக்கை பார்த்த நான், நேற்று நானும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மத்திய அரசு ஸ்டெனோகிராபர் பரீட்சைக்காம். போன தடவை ஒரு வார்த்தை விடாமல் எழுதிவிட்டாளாம். டைப் அடிக்க உட்கார்ந்தபோதுதான் வினை. தான் எழுதியது தனக்கே புரியவில்லை!

“நிமிஷத்துக்கு 80 வார்த்தை வீதம் 10 நிமிஷம் சொல்வார்கள், அக்கா. இங்கிலீஷ் என்றால் 50 நிமிஷத்துக்குள் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். பாதி நேரம் முழித்துக்கொண்டே போய்விட்டது.”

அவள் படிப்பது ஐசக் பிட்மன் 1837-இல் வகுத்த முறை. எழுத்துக் கூட்டல் கிடையாது. காதில் விழும் ஒலிக்குத்தான் கோடு. மூட்டை கட்டுகிற ‘பேக்’கையும், திரும்புகிற ‘பேக்’கையும் நாம் தமிழில் ஒரே மாதிரிதானே எழுதுகிறோம்? அங்கே முதல் ஒலிக்கு மெல்லிய கோடு. மற்றதற்கு அதே கோட்டை அழுத்திப் போட வேண்டும். அவசரத்தில் அழுத்திவிட்டால், கட்டச் சொன்ன சரக்கு திரும்பி வந்துவிடும்!

உயிரொலிகளுக்குப் புள்ளிகளும் சிறு கோடுகளும் உண்டு. வேகத்தில் பெரும்பாலும் அவற்றை விட்டுவிடுவார்கள். அப்போது நோயாளியான ‘பேஷண்ட்’டும், ஆவேசமான ‘பேஷனேட்’டும் குழம்பக் கூடாதே என்று இரண்டுக்கும் வெவ்வேறு உருவம் வைத்திருக்கிறார்கள். அடிக்கடி வரும் சொற்களுக்கோ குறுக்கு வழி: ‘தி’ என்றால் வரிமேல் ஒரு புள்ளி, ‘டியர் ஸர்’ பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பு. இவையெல்லாம் கையில் தானாக வர வேண்டும். ஒரு சொல்லுக்கு யோசித்தால் அடுத்த நாலு சொல் போய்விடும்.

இப்போது அம்மா ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். தினம் 20 புதுச் சொல். ஒவ்வொன்றும் ஒரு வரி முழுக்க. தலையங்கத்தை எழுதியவுடன் படிக்கக் கூடாது. மறுநாள், விஷயம் மறந்த பிறகு, கோடுகளை மட்டும் பார்த்துப் படிக்க வேண்டும். அம்மாவுக்குச் சுருக்கெழுத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. பத்திரிகையும் பென்சிலும் போதும், தப்பைப் பிடித்துவிடுகிறாள். நேற்று மூன்றே தப்பு.

“இன்றைக்கு 90 வேகத்தில் படியேன், அம்மா!” என்றாள் மகள்.

“முதலில் நேற்றையதைப் படி” என்றாள் அம்மா.