திதி தெரியும், தேதி தெரியுமா?

பெரிய வாரத்தில் தூத்துக்குடிப் பக்கம் போனால், மாலை வேளையில் கடற்கரைக்குப் போய் நின்று பாருங்கள். குருத்து ஞாயிற்றுக்கும் உயிர்த்த ஞாயிற்றுக்கும் நடுவே ஒரு நாள் முழு நிலா கடலிலிருந்து எழும்பி வரும். அநேகமாக எந்த வருஷமும் இது தவறுவதில்லை.

இது தற்செயலாக நடக்கிறதா? இல்லவே இல்லை.

இவ்வூர்ப் பனிமய மாதாவின் திருவிழா எப்போது என்று கேட்டால், சின்னக் குழந்தைகூட ஆகஸ்டு 5 என்று சொல்லிவிடும். பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2024-ல் மார்ச் 29. 2025-ல் ஏப்ரல் 18. ஏன் இந்த ஓட்டம்?

விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தாத்தாவின் திவசம் என்றைக்கு என்று பாட்டியைக் கேளுங்கள். இங்கிலீஷ் தேதி அவளுக்குத் தெரியாது. "பங்குனி மாசம், வளர்பிறைச் சதுர்த்தசி" என்பாள். ஆகவே திவசம் ஒரு வருஷம் முன்னே வரும், ஒரு வருஷம் பின்னே போகும். கிறிஸ்துவின் மரணத்தையும் உலகம் இப்படித்தான் நினைவு வைத்திருக்கிறது.

யூதர்களுக்கு மூன்றாம் பிறை கண்டால் மாதம் பிறக்கும். நிசான் என்ற வசந்த மாதத்தின் 14-ம் நாள் பிற்பகலில் பாஸ்கா ஆட்டுக்குட்டியைப் பலியிடுவார்கள். எகிப்தில் அடிமைத்தளை அறுந்ததைக் கொண்டாடும் பண்டிகை அது. எபிரேயர்களின் 'பெசாக்' என்ற சொல்லே நம் கோயில்களில் 'பாஸ்கா' என்று ஒலிக்கிறது. பதினாலாம் நாள் என்றால் நம் சதுர்த்தசி. அன்றிரவு வானில் நிலா நிறைந்திருக்கும். மார்ச் 21-லோ அதற்குப் பின்னரோ வரும் முழு நிலாவுக்கு அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு என்று திருச்சபை வைத்திருப்பதும் இதனால்தான்.

சரி, திதி கிடைத்துவிட்டது. வருஷம்?

இங்கேதான் அறிஞர்கள் துப்பறியும் வேலையில் இறங்கினார்கள். பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. சிலுவையில் அறைந்த நாள் வெள்ளிக்கிழமை என்பதில் நான்கு சுவிசேஷங்களும் ஒன்றுபடுகின்றன. யோவான் எழுதியபடி அது பாஸ்கா விருந்துக்கு முந்திய நாள், அதாவது நிசான் 14. அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் சதுர்த்தசியும் வெள்ளிக்கிழமையும் எப்போது சேர்ந்தன? சந்திரனின் போக்கைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் இரண்டு நாட்கள் முன்னுக்கு வருகின்றன: கி.பி. 30, ஏப்ரல் 7, கி.பி. 33, ஏப்ரல் 3.

புவியீர்ப்பைக் கண்டு சொன்ன நியூட்டனும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்! அவருக்குக் கிடைத்த விடை கி.பி. 34, ஏப்ரல் 23. 1983-ல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஹம்ப்ரீஸ், வாடிங்டன் என்ற இருவர் கி.பி. 33-ஐ ஆதரித்தார்கள். அன்று மாலை எருசலேமில் சந்திரன் உதித்தபோதே கிரகணம் பிடித்திருந்தது என்றும் கணித்தார்கள். கி.பி. 30 என்று சொல்லும் அறிஞர்களும் அநேகர்.

இவ்வளவு கணக்கு தெரிந்தும் ஏன் தீரவில்லை? இன்றைய யூதர்களுக்குக் கணித்து வைத்த பஞ்சாங்கம் உண்டு. பத்தொன்பது வருஷத்தில் ஏழு முறை, தெலுங்கர்களின் அதிக மாசம் போல ஒரு மாதம் கூட்டுவார்கள். அந்த நாளிலோ பிறையைக் கண்ணால் கண்ட சாட்சிகள் வந்து சொல்ல வேண்டும். வாற்கோதுமை முற்றவில்லை என்றால் ஒரு மாதம் தள்ளிப் போகும். வானம் மூடியிருந்தால் ஒரு நாள் தள்ளிப் போகும். சந்திரனுக்குப் பஞ்சாங்கம் உண்டு, மேகத்துக்கு ஏது?

அதனால் என்ன? தாத்தா காலமான வருஷம் எது என்று பாட்டிக்கு மறந்திருக்கலாம். அதற்காக அவள் திதியை விட்டதுண்டா? இலை போட்டுப் படைக்காமல் இருந்ததுண்டா?

கடல் அமைதியாகக் கிடக்கும் இந்தப் பருவத்தில்தான் முன்பெல்லாம் முத்துக் குளிக்கத் தோணிகள் புறப்படும். 1961-க்குப் பிறகு அது நின்றுபோயிற்று. நிலா மட்டும் வரத் தவறுவதில்லை. அடுத்த பெரிய வாரத்தில் அதைப் பார்க்கும்போது, உங்கள் பாட்டியையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.