துறக்காமல் கொடுத்தவர்

ஒரு தாயை நினைவுகூரும்போது நாம் பெரும்பாலும் ஒரே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறோம்: அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்? படிப்பை விட்டார், பாட்டை விட்டார், வேலையை விட்டார், கடைசியில் தன் உடம்பைக் கவனிப்பதையும் விட்டார் என்று பட்டியல் நீளும். விட்டது எவ்வளவு அதிகமோ, அவ்வளவு பெரிய தாய். இந்தக் கணக்கில் ஜப்பானின் ஜுன்கோ தபெய்க்கு இடம் கிடைப்பது சிரமம். எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் பெண் அவர். 1975 மே 16 அன்று அங்கே நின்றபோது அவருக்கு வயது 35. வீட்டில் ஏறக்குறைய மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள். கல்யாணத்துக்காகவோ குழந்தைக்காகவோ அவர் மலையை விடவில்லை. பிற்காலத்தில் புற்றுநோய் வந்தபோதும் விடவில்லை. ஆனாலும் அவருடைய 77 ஆண்டு வாழ்க்கையைக் கூட்டிப் பார்த்தால், பிறருக்குக் கொடுத்ததே மிகுதியாகத் தெரிகிறது. இது முரண்பாடு அல்ல. தனக்கென்று ஒன்றை விடாமல் பிடித்திருந்ததால்தான் அவரால் அவ்வளவு கொடுக்க முடிந்தது.

ஃபுகுஷிமா பகுதியில் மிஹாரு என்ற சிற்றூரில் 1939இல் பிறந்த ஜுன்கோ, அடிக்கடி நோய்வாய்ப்படும் குழந்தை. பத்து வயதில் ஆசிரியர் ஒருவர் வகுப்புப் பிள்ளைகளை நாசு மலைக்கு அழைத்துப்போனார். அங்கே பிடித்த ஆசை விடவில்லை. ஆனால் மலையேறப் பணம் வேண்டும். பெரிய குடும்பத்தில் அதற்கு வழியில்லை. தோக்கியோவில் ஷோவா பெண்கள் பல்கலைக்கழகத்தில் ஆங்கில, அமெரிக்க இலக்கியம் படித்து முடித்த பிறகே முறையாக மலையேற்றக் குழுக்களில் சேர்ந்தார். அங்கிருந்த ஆண்களில் சிலர் அவருடன் ஏற மறுத்தார்கள்; மாப்பிள்ளை தேடி வந்திருக்கிறாள் என்று சிலர் பேசினார்கள். தனிகாவா மலையில் பழக்கமான மசனோபு தபெயை அவர் பிறகு மணந்தார் என்பது உண்மைதான். ஆனால் மாப்பிள்ளை கிடைத்த பிறகும் அவர் மலையை விட்டு இறங்கவில்லை. 1969இல் பெண்களுக்கென்றே ஒரு மலையேற்றச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அந்தச் சங்கம் நேபாளத்தின் மூன்றாம் அன்னபூர்ணாவுக்குச் சென்றது. ஜுன்கோவும் இன்னொரு பெண்ணும் இரு ஷெர்பாக்களுடன் உச்சியை அடைந்தார்கள். தனக்குத் திறக்காத கதவைத் தான் மட்டும் நுழையும் அளவுக்கு அவர் திறந்துகொள்ளவில்லை. பின்னால் வருகிறவர்களுக்கும் சேர்த்துத் திறந்தார். அவருடைய கொடை தொடங்கிய இடம் இதுதான்.

எவரெஸ்ட் பயணத்தின் கதை இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. அனுமதிக்கு 1971இல் விண்ணப்பித்துவிட்டு நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பணம் கேட்டுப் போன இடங்களில், குழந்தையை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருக்கலாமே என்ற அறிவுரைதான் கிடைத்தது. கடைசி நேரத்தில் யோமியூரி நாளிதழும் நிப்பான் தொலைக்காட்சியும் கைகொடுத்தன. அப்படியும் குழுவின் ஒவ்வொரு பெண்ணும் ஜப்பானியர் ஒருவரின் சராசரி ஆண்டுச் சம்பளத்துக்கு நெருக்கமான தொகையைப் போட வேண்டியிருந்தது. ஜுன்கோ பியானோ வகுப்பு எடுத்துச் சேர்த்தார். பழைய கார் இருக்கையின் உறையை வெட்டி நீர் புகாத மேலுறைகளைத் தைத்தார்கள். சீனாவிலிருந்து வாத்திறகு வாங்கித் தூக்கப்பைகளைத் தாங்களே செய்தார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. கிழிந்ததைத் தைத்து மலையேறினார்கள் என்ற கதை அழகாக இருப்பதால், அவர்களைத் தைக்க வைத்தவர்களின் மறுப்பை மன்னித்துவிடக் கூடாது. அந்த மறுப்பு அநியாயம். ஆனால் சிக்கனம், தையல், இருப்பதைப் பங்கிட்டுச் சமாளிப்பது என்று வீட்டுக்குள் மட்டுமே பயன்படும் என நாம் நினைக்கும் திறமைகள்தான் 15 பெண்களை இமயமலைக்குக் கொண்டுசேர்த்தன. வீட்டையும் சாகசத்தையும் எதிரெதிர்த் திசைகளாகக் கருதும் பழக்கத்தை இந்த ஒரு சான்றே அசைத்துவிடுகிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு கடுமையானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சின்னக் குழந்தையை விட்டுவிட்டு உயிரைப் பணயம் வைப்பது சுயநலம் இல்லையா? ஆபத்து கற்பனையானதும் அல்ல. 1975 மே 4 அன்று, சுமார் 6,300 மீட்டர் உயரத்தில் இருந்த முகாம்மேல் பனிச்சரிவு விழுந்தது. பனிக்குள் புதைந்து ஏறக்குறைய ஆறு நிமிடம் நினைவிழந்து கிடந்த ஜுன்கோவை ஷெர்பாக்கள்தான் தோண்டி எடுத்தார்கள். அடுத்த சில நாள்கள் அவரால் சரியாக நடக்கக்கூட முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் உச்சியில் இருந்தார். அந்தப் பனிச்சரிவில் அவர் பிழைக்காமல் போயிருந்தால் அவரை எப்படி எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்க வேண்டியதில்லை. இரு குழந்தைகளின் தாயான பிரிட்டனின் அலிசன் ஹார்க்ரீவ்ஸ் 1995 ஆகஸ்டில் கே2 மலையில் இறந்தபோது, தாயாக இருந்துகொண்டு அங்கே போகலாமா என்று அந்நாட்டுப் பத்திரிகைகளில் விசாரணை நடந்தது. 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மேலரிக்கு மூன்று குழந்தைகள்; அவரை வீரராகத்தான் உலகம் நினைக்கிறது. ஆபத்து குழந்தையை அநாதரவாக்கும் என்பதே கவலை என்றால், அந்தக் கேள்வி தகப்பனுக்கும் சேர்த்தே எழ வேண்டும். தாயிடம் மட்டும் கேட்கும்போது அது குழந்தையைப் பற்றிய கவலையாக இல்லாமல், தாய் இருக்க வேண்டிய இடத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. ஜுன்கோவின் வீட்டில் அந்தக் கேள்விக்கு இருவரும் சேர்ந்தே விடை கண்டார்கள். மசனோபுவும் மலையேறுபவர், பனிக்கடியில் கால்விரல்களை இழந்தவர். மலை என்ன செய்யும் என்பது தெரிந்தே மனைவிக்குத் துணை நின்றார்.

இரண்டாவது மறுப்பு இங்கிருந்துதான் பிறக்கிறது. அப்படியானால் இது நல்ல கணவன் வாய்த்த ஒரு பெண்ணின் அதிர்ஷ்டம்தானே? பிறர் சுமந்ததால்தானே இவர் ஏறினார்? ஆம், பிறர் சுமந்தார்கள். உச்சிக்கு இரு பெண்களை அனுப்புவதாகத்தான் திட்டம் இருந்தது. ஷெர்பாக்கள் உயர நோயால் தளர்ந்துபோனதால் இருவருக்குத் தேவையான ஆக்சிஜன் உருளைகளை மேலே ஏற்ற முடியவில்லை. குழுத் தலைவி எய்கோ ஹிசானோ ஜுன்கோவைத் தேர்ந்தெடுத்தார். உடன் போனவர் ஆங் செரிங் ஷெர்பா. அப்படி ஏறிவந்த பிறகு அந்தப் பெருமையை ஜுன்கோ எப்படி வைத்துக்கொண்டார் என்பதில்தான் அவரது குணம் தெரிகிறது. முதல் பெண் என்பதைவிட, எவரெஸ்டில் ஏறிய 36ஆம் மனிதர் என்று நினைக்கப்படுவதையே விரும்புவதாக அவர் சொல்லிவந்தார். தனக்கு முன் 35 பேர் போன தடம் அது என்பதை அவர் மறக்கவில்லை. சுமந்தவர்களை மறக்காதவருக்குத்தான் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வரும்.

அந்த எண்ணம் பின்னாளில் செயலானதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 1978இல் ஒரு மகன் பிறந்தான். 1992இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் எட்டிய முதல் பெண்ணானார். பெரிய நிறுவனங்களின் ஆதரவைத் தவிர்த்து, சொற்பொழிவு, வழிகாட்டுதல், இசை வகுப்பு, ஆங்கில வகுப்பு என்று தானே சம்பாதித்த காசில் பயணங்களைத் தொடர்ந்தார். இதற்கிடையே எவரெஸ்ட் மாறிக்கொண்டிருந்தது; மலையேறுபவர்கள் விட்டுச்சென்ற குப்பை குவிந்தது. தன்னைப் போன்றவர்களின் ஆசையால் வந்த கேடு அது என்பதை உணர்ந்து, அறுபது வயதையொட்டி கியூஷூ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அந்தக் குப்பையையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். மலைச்சூழலைக் காக்கும் அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பையும் ஏற்றார். ஜப்பானிலும் இமயமலையிலும் நடந்த துப்புரவு ஏற்றங்களுக்குக் கணவரும் பிள்ளைகளும் உடன் போனார்கள். தாயின் ஆசை குடும்பத்திடமிருந்து எடுத்துக்கொண்டது என்று மட்டும் சொல்கிறவர்கள், அந்த ஆசை குடும்பத்துக்கு ஒரு பொதுவேலையாகத் திரும்பி வந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அணுஉலை விபத்தும் அவருடைய சொந்த ஊர்ப் பகுதியைத் தாக்கின. 2012 முதல் ஆண்டுதோறும் பாதிக்கப்பட்ட வடகிழக்குப் பகுதியின் பள்ளி மாணவர்களை ஃபூஜி மலைக்கு அழைத்துப்போகத் தொடங்கினார். அதே 2012இல்தான் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சையும் மலையும் சேர்ந்தே தொடர்ந்தன. 2016 ஜூலையில் மாணவர்களுடன் கடைசியாக ஃபூஜிக்குப் போனார். அக்டோபர் 20 அன்று காலமானார். அந்த மாணவர் பயணத்தை அவருடைய மகன் முன்னின்று தொடர்ந்தார். வீடிழந்த பிள்ளைகளுக்கு நிவாரணப் பொருள் கொடுக்கப் பலரால் முடியும். உங்களாலும் ஏற முடியும் என்ற நம்பிக்கையை அனுபவமாகக் கொடுக்க, அறுபது ஆண்டுக்கும் மேலாக ஏறிக்கொண்டே இருந்த ஒருவர் வேண்டியிருந்தது.

எல்லாத் தாய்மாரும் எவரெஸ்ட் ஏற வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. வாய்ப்பே இல்லாமல் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த கோடிக்கணக்கான பெண்களை ஜுன்கோவின் வாழ்க்கை சிறுமைப்படுத்தவும் இல்லை. அது திருத்துவது அவர்களை அல்ல, நம் அளவுகோலை. விட்டுக்கொடுத்தலை மட்டுமே தாய்மையின் அடையாளமாகப் புகழும்போது, பெண்ணுக்குத் தன்னுடையது என்று எதுவும் இல்லாமல் இருப்பதே நல்லது என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவிடுகிறோம். தன்னுடையது எதுவும் இல்லாதவர் கொடுக்கத் தன்னை மட்டும்தான் வைத்திருப்பார். அதைக் கொடுத்துத் தீர்த்த பிறகு நாம் அவருக்கு இரங்கற்பா எழுதுகிறோம். ஆசையும் திறமையும் நண்பர்களும் சொந்தச் சம்பாத்தியமும் உள்ள தாய் வற்றிப்போகாமல் கொடுக்கிறார். வீட்டுக்கு அப்பாலும் கொடுக்கிறார். இனி ஒரு தாயின் நினைவை எழுதும்போது, அவர் எதை விட்டார் என்று கேட்பதோடு, எதை விடவே இல்லை என்றும் கேட்போம். அந்தக் கேள்வியை அவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் கேட்பது இன்னும் நல்லது.