ஹோட்டலை விற்கலாம், பெயர்ப்பலகையை விற்க முடியுமா?

வெளிநாட்டு நிறுவனமொன்றின் பெயரில் ஹோட்டல் நடத்தினால் என்ன என்று திருகோணமலை வியாபாரிகள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. கட்டணம் எவ்வளவு என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. நாளை ஹோட்டலை விற்க நேர்ந்தால் என்ன நடக்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

உப்புவெளியில் க்ளப் ஓஷனிக் என்று நாம் அறிந்திருந்த ஹோட்டல் பின்னர் சாயா ப்ளூ ஆகி, அதன்பின் ட்ரிங்கோ ப்ளூ பை சினமன் ஆனது. அங்கே ஹோட்டலும் பெயரும் ஜோன் கீல்ஸ் என்ற ஒரே குழுமத்தின் கையில் இருந்தன. ஆகவே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பிரான்சைஸ் முறையில் காணியும் கட்டடமும் உங்களுடையவை, பெயர் மட்டும் இரவல்.

காணி உறுதியை நொத்தாரிசு முன் எழுதிக் கொடுத்தாலும் பெயர் உரிமை அதனுடன் போகாது. வாங்குபவர் பெயர் நிறுவனத்திடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணமும் கட்ட வேண்டும். அவருடைய பணபலமும் தொழில் அனுபவமும் பரிசோதிக்கப்படும். அத்துடன், அறைகளைத் திருத்து, தளபாடத்தை மாற்று என்று ஒரு நீண்ட திருத்த வேலைப் பட்டியலும் வரும். அந்தச் செலவை வாங்குபவர் உங்கள் விலையில்தான் கழிப்பார். சொல்லாமல் விற்றால் ஒப்பந்தம் முறியும். பல ஒப்பந்தங்களில், மீதிக் காலத்துக்கான நட்டஈட்டையும் விற்றவரே கட்ட வேண்டிவரும்.

“காணியை விற்கவில்லை, கம்பனிப் பங்கைத்தானே கொடுத்தேன்” என்பதும் செல்லாது. கட்டுப்பாடு கைமாறினாலே அது உரிமை மாற்றம் என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் எழுதி வைத்திருக்கின்றன.

நம்மவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கம்பனியில் 60 வீதப் பங்கு வைத்திருந்த ஒருவர் மனைவி, இரு ஆண் மக்கள், ஒரு மகளை விட்டு மௌத்தாகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் உயிரோடு இல்லை, கடனும் வசிய்யத்தும் இல்லை. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 7.5 வீதம். ஆண் மக்களுக்குத் தலா 21, மகளுக்கு 10.5. பாதிக்கு மேல் வைத்திருந்த ஒருவர் போய், பாதிக்கு மேல் யாரிடமும் இல்லை என்றாகிவிட்டது. பங்கை யாரும் விற்கவில்லை. ஆனாலும் ஒப்பந்தத்தின் கண்ணில் இது உரிமை மாற்றமாகலாம். வாரிசுகளுக்கு எத்தனை மாத அவகாசம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அமெரிக்காவில் உரிமை மாற்ற நிபந்தனைகளை முன்கூட்டியே எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்ற விதி உண்டு. நியூ ஜேர்சி மாநிலத்தின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: விற்பனை அறிவித்தலுக்கு நிறுவனம் 60 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் சம்மதம் தந்ததாகவே கொள்ளப்படும். அங்கே ஹோட்டல் வைத்திருக்கும் குஜராத்திகள் 1989இல் தொடங்கிய ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கமும் நியாயமான பிரான்சைஸ் நிபந்தனைகளுக்காக நெடுங்காலமாக வாதாடி வருகிறது. இலங்கையில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நமக்குச் சட்டம்.

வாங்க வருபவர் வெளிநாட்டவரானால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டமும் குறுக்கே நிற்கும். சில விதிவிலக்குகள் தவிர, வெளிநாட்டுப் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்குக் காணியை எழுத முடியாது; குத்தகைக்கே கொடுக்கலாம்.

பேரம் பேசும் பலம் கையொப்பத்துக்கு முன்னர்தான் உண்டு. மனைவி மக்களுக்குப் போகும் பங்குக்குக் கட்டணமில்லாத விலக்கும், சம்மதம் தர ஒரு கால எல்லையும், நட்டஈட்டுக்கு ஓர் உச்சவரம்பும் கேளுங்கள். மூன்றும் கிடைக்காவிட்டாலும் முதலாவதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.