கடை செல்போனில், கணக்கு நோட்டில்!

வியாபாரத்துக்கு விளம்பரம் வேண்டும். இதை அறியாத வியாபாரி இல்லை. முன்பு தமுக்கு அடித்தார்கள், நோட்டீசு கொடுத்தார்கள், சினிமாக் கொட்டகையில் சிலைடு போட்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் கையில் பணம் வேண்டியிருந்தது. இன்று சட்டைப் பையில் இருக்கும் செல்போனே போதும். தெருக்கோடியில் இட்லி மாவு விற்கும் அம்மாள்கூடத் தம் சரக்கை ஊர் முழுவதுக்கும் காட்டிவிடலாம்.

நல்ல காரியந்தான். ஆனால் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கடை நம்முடையது; கடை விரித்திருக்கும் இடம் அடுத்தவருடையது!

ஒரே இரவில்...

2020-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி. மத்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. 'டிக்டாக்' அவற்றில் ஒன்று. அதில் ஆடிப் பாடியவர்கள் மட்டுமா இருந்தார்கள்? சரக்கைக் காட்டி விற்று வந்த சிறு வியாபாரிகளும் இருந்தார்கள். ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த ரசிகர்கள் அத்தோடு போனார்கள். தடை சரியா, தவறா என்பது வேறு விஷயம். அவர்களைத் திரும்ப அழைக்க வியாபாரியின் கையில் ஒரு விலாசங்கூட இல்லை!

2021-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் 6 மணி நேரம் முடங்கின. நம் நாட்டில் அப்போது இரவு நேரம். ஆகவே, நம்மவர்கள் அவ்வளவாக அடிபடவில்லை. பகலாக இருந்திருந்தால்?

2024-ம் ஆண்டு மார்ச் மாதம். சிறு கடைகளுக்காகக் கூகுள் நிறுவனம் இலவசமாக அமைத்துக் கொடுத்திருந்த இணையப் பக்கங்களை அதுவே மூடிவிட்டது. இலவசமாகக் கொடுத்தவர் எடுத்துக்கொண்டால் யாரிடம் முறையிடுவது?

அப்படியானால் இணையத்தின் பக்கமே போகக்கூடாதா? போகத்தான் வேண்டும். சந்தை கூடும் இடத்தில்தான் கடை போட வேண்டும். ஆனால் சந்தை கலைந்த பிறகும் வாடிக்கையாளர் நம்மைத் தேடி வர வழி செய்துகொள்ள வேண்டும்.

கோவில்பட்டி மிட்டாய்

ஓர் உதாரணம் பார்ப்போம். கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் ருசி அறியாதவர் யார்? 2020-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊரில் சிறிய அளவில் மிட்டாய் போடும் ஒருவர் இணையத்தில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எங்கிருந்து தொடங்குவது?

முதல் வேலை, கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வது. இதற்குக் கட்டணம் கிடையாது. "கூகுளில் இருந்து பேசுகிறோம், பதிவுக்குப் பணம் கட்டுங்கள்" என்று யாராவது போன் செய்தால் நம்ப வேண்டாம். பெயர்ப் பலகையில் உள்ள பெயரையே கொடுக்க வேண்டும். திறக்கும் நேரம், மூடும் நேரம், விடுமுறை நாள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். மதுரையில் இருந்து நெல்லைக்குக் காரில் போகிறவர் வழியில் "கடலை மிட்டாய்" என்று தேடுகிறார். கடை திறந்திருக்கிறது என்று செல்போன் சொல்கிறது. வந்து பார்த்தால் பூட்டு! அவர் மறுமுறை வருவாரா?

இரண்டாவது, 'வாட்ஸ்அப் பிசினஸ்'. 2018-ம் ஆண்டில் வந்த இந்தச் செயலியும் இலவசந்தான். சரக்குப் பட்டியலைப் படத்துடனும் விலையுடனும் அதில் போட்டு வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் நம் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே, மிட்டாயைக் கொடுக்கும்போதே, "எங்கள் நம்பரைப் பதிந்துகொள்ளுங்கள், அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, படம். இதற்கு நடிகர் வேண்டாம், பாட்டும் வேண்டாம். வறுத்த கடலையில் வெல்லப்பாகு விழுவதையும், சூடு ஆறுவதற்குள் தேய்த்துத் துண்டு போடுவதையும் அரை நிமிடம் காட்டினால் போதும். பார்ப்பவர் நாக்கில் நீர் ஊறும்!

விலையை மறைக்காதீர்கள்

படத்தைப் போட்டுவிட்டு, விலையைக் கேட்டால் "தனியாகச் செய்தி அனுப்புங்கள்" என்று சிலர் பதில் போடுகிறார்கள். கடைத்தெருவில் இப்படிச் செய்வோமா? எடை எவ்வளவு, விலை எவ்வளவு, அனுப்பும் செலவு எவ்வளவு என்று அங்கேயே எழுதிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுப் போகிறவர்களே அதிகம்.

உணவுப் பண்டம் விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். தயாரித்தவர் பெயர், விலாசம், எடை, விலை, புகார் சொல்ல டெலிபோன் எண் ஆகியவையும் இருக்க வேண்டும். இது சட்டம் மட்டுமல்ல, செலவில்லாத விளம்பரமுங்கூட. பொட்டலம் எந்த ஊருக்குப் போனாலும் உங்கள் விலாசம் கூடவே போகிறது. புவிசார் குறியீட்டின் முத்திரையை மட்டும், அதற்கெனப் பதிவு பெற்றவர்களே பயன்படுத்தலாம்.

500 ரூபாய்க் கணக்கு

இனி, பணம் கட்டிச் செய்யும் விளம்பரம். இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு கிலோ மிட்டாய், அனுப்பும் செலவு உட்பட 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் போக லாபம் 50 ரூபாய். 500 ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறார். 2,000 பேர் 'லைக்' போட்டார்கள் என்று மகிழ்கிறார். விசாரித்தவர்கள் 20 பேர். வாங்கியவர்கள் 5 பேர். அப்படியானால் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு 100 ரூபாய். லாபமோ 50 ரூபாய். தலைக்கு 50 ரூபாய் நஷ்டம்!

ஆனால் அதே ஆள் தீபாவளிக்கு ஒரு கிலோவும் பொங்கலுக்கு ஒரு கிலோவும் வாங்கினால், மொத்த லாபம் 150 ரூபாய். விளம்பரச் செலவு போக 50 ரூபாய் மிச்சம். அவர் இரண்டாம் முறை வாங்க விளம்பரம் தேவையில்லை. அவருடைய எண் நம்மிடம் இருந்தால் போதும். இணைய வியாபாரத்தின் சூட்சுமம் இதுதான்: முதல் விற்பனையில் செலவு, அடுத்த விற்பனையில் லாபம்.

அமேசான், பிளிப்கார்ட் போன்ற பெரிய சந்தைகளுக்கும் இதே கணக்குதான். கமிஷன், அனுப்பும் செலவு, திரும்பி வரும் சரக்கின் நஷ்டம் மூன்றையும் கழித்துப் பார்த்தே விலை வைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. வரம்புக்கு உட்பட்ட சிறு வியாபாரிகள், மாநிலத்துக்குள் மட்டும் சரக்கு விற்பதானால், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே இவற்றில் விற்க 2023 அக்டோபர் முதல் வழி செய்யப்பட்டிருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு சேர்க்கை எண் பெற்றுக்கொண்டால் போதும்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

ஆகவே, செல்போனில் கடை திறக்கும் அன்றே 80 பக்க நோட்டு ஒன்று வாங்கிவிடுங்கள். பெயர், ஊர், போன் எண், வாங்கிய சரக்கு, தேதி, "எங்களை எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்குப் பதில், இந்த ஆறு விவரங்கள் போதும். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால், எந்த விளம்பரம் ஆளைக் கொண்டு வந்தது, எது காசை விழுங்கியது என்பது விளங்கிவிடும். அனுமதி கேட்டே எண்ணை எழுதுங்கள். தினமும் செய்தி அனுப்பித் தொந்தரவு செய்ய வேண்டாம். பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு ஒரு செய்தி போதும்.

சொந்தமாக ஓர் இணைய முகவரியும் வாங்கி வைப்பது நல்லது. அதைப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் ஆளின் பெயரில் அல்ல, உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். அவரோடு மனஸ்தாபம் வந்தால் முகவரி அவரோடு போய்விடும்!

இன்னும் ஓர் எச்சரிக்கை. "பணம் போட்டுவிட்டேன்" என்று படம் அனுப்பினால், அதை நம்பிச் சரக்கை அனுப்பாதீர்கள். பாங்குக் கணக்கில் பணம் ஏறியதா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கேட்பவன் மோசடிக்காரன். ஏமாந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

செயலிகள் வரும், போகும். இன்று கூட்டம் கூடும் இடத்தில் நாளை ஆள் இல்லாமல் போகலாம். ஆனால் மிட்டாயின் ருசியும், சொன்ன எடையும், அந்த 80 பக்க நோட்டும் உங்களிடம் இருக்கும் வரையில், எந்தச் சந்தை கலைந்தாலும் மறுநாள் காலையில் உங்களால் கடை திறக்க முடியும்.