தொடாத கம்பியில் மின்சாரம்!

தெரு முனையில், கம்பத்தின் மேல் டிரான்ஸ்பார்மர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருளுக்கு 11,000 வோல்ட் மின்சாரம் வருகிறது. மற்றொரு சுருளில் இருந்து நம் வீட்டுக்கு 230 வோல்ட் மின்சாரம் போகிறது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தச் சுருள்களின் கம்பிகள் ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை!

தொடாத கம்பிக்கு மின்சாரம் எப்படி வந்தது? இந்த ரகசியத்தை உலகுக்குச் சொன்னவர் ஒரு கொல்லனின் மகன்.

புத்தகம் தைத்த பையன்

அவர் பெயர் மைக்கேல் பாரடே. 1791-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். 14-வது வயதில், லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பைண்டு செய்ய வந்த புத்தகங்களை ஆசையோடு படித்தார். அந்த ஆசைதான் அவரை விஞ்ஞானி ஆக்கியது.

மின்சாரம் ஓடும் கம்பி, காந்தம்போல் வேலை செய்யும் என்பது 1820-ல் தெரிந்தது. அப்படியானால் காந்தத்தில் இருந்து மின்சாரம் பிறக்காதா? பல விஞ்ஞானிகள் முயன்றார்கள்.

பக்கத்து அறைக்குப் போனவர்

1825-ல் ஜெனீவா நகரில் கோலடான் என்பவர், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்துப் பார்த்தார். மின்சாரத்தைக் காட்டும் ஊசிக் கருவியை, நீண்ட கம்பியால் இணைத்துப் பக்கத்து அறையில் வைத்திருந்தார். காந்தம் ஊசியை இழுத்துவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை!

காந்தத்தை நுழைத்துவிட்டு, அந்த அறைக்கு நடந்து போனார். ஊசி அசையாமல் நின்றது. பாவம்! அவர் போவதற்குள் அது ஆடி ஓய்ந்துவிட்டது.

ஊசி ஆடியது!

1831-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. பாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செப்புக் கம்பி சுற்றினார். கம்பிகள் தொடாதபடி இடையில் நூலும் துணியும் வைத்தார். ஒரு சுருளை பேட்டரியுடன் இணைத்தார். மற்றச் சுருளின் கம்பி அருகே இருந்த காந்த ஊசி வெடுக்கென்று ஆடியது! பிறகு பழைய இடத்தில் நின்றுவிட்டது.

பேட்டரி மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊசி அசையவில்லை. பேட்டரியைக் கழற்றினார். ஊசி மறுபடியும் ஆடியது!

மாற்றமே காரணம்

முதல் சுருளில் மின்சாரம் ஏறும்போது காந்த சக்தி வளர்கிறது. இறங்கும்போது தேய்கிறது. அப்படி வளரும்போதும் தேயும்போதும் மட்டுமே அடுத்த சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மாறாமல் நிற்கும் காந்த சக்தியால் பயன் இல்லை.

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. ஆகவே டிரான்ஸ்பார்மரில் காந்த சக்தி ஓயாமல் மாறுகிறது. அடுத்த சுருளில் ஓயாமல் மின்சாரம் பிறக்கிறது. அந்தச் சுருளில் சுற்றுகள் குறைவு. அதனால் வோல்ட்டும் குறைகிறது.

இண்டக்‌ஷன் அடுப்பிலும் இதே கதைதான். தட்டுக்கு அடியில் ஒரு சுருள். அதன் மாறும் காந்த சக்தி, பாத்திரத்தின் அடியிலேயே மின்சாரத்தை எழுப்பிச் சூடாக்குகிறது. நெருப்பு இல்லாமல் பால் பொங்குகிறது!

ஊசி ஆடியது ஒரே ஒரு கணம். அந்தக் கணத்தில் பாரடே பக்கத்தில் இருந்தார், பார்த்தார்.