பழைய சலவை இயந்திர மோட்டாரை மீண்டும் இயக்கும் முறை

இரு தொட்டிகள் கொண்ட சலவை இயந்திரம் உடைந்து ஒதுக்கப்பட்ட பின்னரும், அதிலுள்ள மோட்டார் நல்ல நிலையில் இருப்பதுண்டு. கத்தி தீட்டும் கல், சிறு விசிறி முதலியவற்றை இயக்க அதனைப் பயன்படுத்தலாம். ஆயின், இன்ன கம்பி இன்னதென அறியாமல் மின்சாரம் செலுத்தினால் கம்பிச்சுருள் கருகிவிடும்; கையாள்பவரின் உயிருக்கும் ஊறு நேரலாம்.

வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஒருமுனை மின்சாரம். இது ஒரே சுருளில் பாயும்போது உண்டாகும் காந்தப்புலம் கூடிக் குறைந்து திசை மாறுமேயன்றிச் சுழலாது. எனவே மோட்டார் முனகி நிற்கும். இரண்டாவது சுருள் ஒன்றில் கண்டென்சர் வழியாக மின்சாரம் செலுத்தினால், அதன் ஓட்டம் முதற்சுருளின் ஓட்டத்தை முந்துகிறது. இவ்விரண்டும் சேர்ந்து சுழலும் புலத்தை உண்டாக்குகின்றன. இத்தத்துவத்தை 1888-ஆம் ஆண்டில் இத்தாலியரான பெராரிசும், அமெரிக்காவில் பணியாற்றிய டெஸ்லாவும் தனித்தனியே வெளியிட்டனர்.

மூன்று கம்பிகளைக் கண்டறிதல்

மோட்டாரையும் கண்டென்சரையும் பிரித்துவிட்டு, கம்பிகளுக்கு அ, ஆ, இ எனப் பெயரிடுக. தொடுமுன் கண்டென்சரில் தங்கிய மின்சாரத்தை 10,000 ஓம் தடையம் ஒன்றின் வழியே வடித்துவிட வேண்டும். பின்னர் இரண்டிரண்டு கம்பிகளாக ஓம்மானியால் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அ–ஆ 20, அ–இ 35, ஆ–இ 55 ஓம் எனக் கொள்வோம். மிகுதியான அளவைத் தரும் ஆ, இ என்பன இரு சுருள்களின் கடைமுனைகள்; எஞ்சிய அ, பொதுக்கம்பி. குறைந்த தடையுள்ள அ–ஆ முதன்மைச் சுருளாகும். எனவே மின்சாரம் அ, ஆ ஆகியவற்றுக்கும், கண்டென்சர் ஆ, இ ஆகியவற்றுக்கு இடையிலும் அமைதல் வேண்டும்.

துவைக்கும் மோட்டாரில் இரு சுருள்களும் சமமாக இருக்கும். ஏனெனில் அது இரு திசைகளிலும் சுழல வேண்டியது. அங்கு மின்கம்பியை ஆவிலிருந்து இக்கு மாற்றினால் சுழலும் திசை மாறும். கரித்தூரிகை உள்ள மோட்டார்களுக்கு இம்முறை பொருந்தாது.

பாதுகாப்பு

கண்டென்சரை மாற்ற நேரின், பழையதில் குறித்த மைக்ரோபாரட் அளவே இருத்தல் வேண்டும். வோல்ட் அளவு குறையலாகாது. 500 வோல்ட் மெக்கர் கொண்டு சுருளுக்கும் உலோக உடலுக்கும் இடையே அளந்து, காப்புத்தடை 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அம்மோட்டாரை விலக்குக. உடலைப் பச்சை நிற நிலக்கம்பியுடன் இறுகப் பிணைக்க வேண்டும். மூன்று முள் பிளக், தக்க பியூஸ், 30 மில்லியாம்பியர் கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் விசை ஆகியவை இன்றியமையாதவை.

முதலில் மோட்டாரைப் பலகையில் திருகி, சுமையின்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். முனகி நின்றால் உடனே விசையை அணைத்து, இணைப்பையும் கண்டென்சரையும் அச்சையும் ஆராய்க. துவைக்கும் மோட்டார் இடைவிட்டு இயங்குவதற்கே அமைக்கப்பட்டது. ஆகையால் நெடுநேரம் ஓட்டினால் சூடேறும். தீட்டுகல் பொருத்தினால், கல்லின் மேல் குறித்த வேகம் மோட்டாரின் வேகத்திற்கு மேற்பட்டிருத்தலும், கல்லுக்கு மூடி இருத்தலும் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் விளக்கும்போது, மின்சாரம் இணைக்காமல் ஓம்மானி அளவுகளோடு நிறுத்திக்கொள்வது நன்று. மாணவர் மூன்று அளவுகளைக் கொண்டு பொதுக்கம்பியைத் தாமே கண்டறிவதில்தான் பாடம் அடங்கியிருக்கிறது. மின்சார இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர் சரிபார்த்த பின்னரே கொடுத்தல் வேண்டும்.